வாழ்த்துக்குப் பின் எழுதியது

எங்கள் கோக்-தால் வட்டாரத்தில் ஷார்ஷென் அண்ணன் பேசாத கல்யாணம் கல்யாணமே இல்லை. கையில் கிண்ணத்தோடு அவர் எழுந்து நின்றால் அடுப்படியில் இருக்கும் பெண்கள்கூட மாவுக் கையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்வார், பெண்ணின் தாய்மாமன்களை அழவைப்பார், போன வருஷம் செத்துப்போன குதிரையைக்கூட விடாமல் புகழ்வார். இது அவருடைய விடுமுறை நாள் வேலை. மற்ற நாட்களில் எங்கள் கால்நடை அலுவலகத்தில் துணைத் தலைவர். அங்கிருந்து வெளியே போகும் காகிதம் எல்லாம் அவர் எழுதியதுதான்.

எழுதியது என்று நான் சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். அவர் பேனாவைத் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் உலாத்தியபடி வாயால் சொல்வார், தட்டச்சுப் பெண் அடிப்பாள். அடித்ததை அவர் படித்து நான் பார்த்ததே இல்லை. கையெழுத்தைக் கிறுக்கி, முத்திரையைக் குத்தி, அனுப்பிவிடுவார்.

"நான் சொன்னதை நானே எதுக்குப் படிக்கணும் அனார்குல்? என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா?" என்பார் என்னிடம்.

நான் அங்கே தடுப்பூசி மருந்துகளுக்குப் பொறுப்பு. குளிர்பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு, சாத்தினேனா என்று மறுபடி இழுத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அவருடைய அலட்சியம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அவருடைய சம்பந்தி தோக்தோசுன், சாரி-புலாக் கிராமத்து மேய்ப்பர். அண்ணனின் மகளைத் தோக்தோசுனின் மகனுக்குக் கொடுத்திருந்தது. எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் வீட்டுக்கு நாலு, அஞ்சு என்று ஆடுகளைச் சேர்த்து ஊரே ஒருவரை நம்பி மலைமேல் அனுப்பும். சாரி-புலாக்கில் அந்த ஒருவர் இருபது வருஷமாகத் தோக்தோசுன்தான். அதிகம் பேச மாட்டார். அவரிடம் ஆட்டை விட்டவர்கள் இலையுதிர் காலம் வரை அதைப் பற்றி நினைக்கவே மாட்டார்கள். அவருக்குச் சொத்தென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் குர்-சாய் ஓடை கரையை அறுத்துக்கொண்டு போய், மேலே இருந்த பழைய புதைகுழி ஒன்றைத் திறந்துவிட்டது. அடைப்பான் நோயில் செத்த மாடுகளை எந்தக் காலத்திலோ புதைத்த இடம் அது. அந்த மண்ணை மேய்ந்தால் ஆடு காலையில் நிற்கும், மாலையில் இருக்காது. அலுவலகத்திலிருந்து மேய்ப்பர்களுக்கு உடனே அறிவிப்புப் போனது. சாரி-புலாக்குக்குத் தோக்தோசுன் பெயரில் ஒன்று. அவர் வாங்கினார், படித்தார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், ஆடுகளை நேரே குர்-சாய்க்கே ஓட்டிக்கொண்டு போனார்.

அறுபதுக்கு மேல் செத்தன. டீசல் ஊற்றி எரித்தோம். நானும் போயிருந்தேன், மிச்சமிருந்த ஆடுகளுக்கு ஊசி போட. விசாரணைக்கு வந்த ஆய்வாளர் அந்த அறிவிப்பைத் தோக்தோசுனின் சட்டைப்பையிலிருந்தே எடுக்கவைத்து, திருப்பி, பின்பக்கத்தைக் காட்டினார். "இதோ எழுதியிருக்கே? குர்-சாய்க்குப் போகக் கூடாதுன்னு? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?" தோக்தோசுன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு போயிற்று அந்தப் பெயர். ஊரில் சின்னப் பையன்கள்கூட "படிக்கத் தெரியாத மேய்ப்பர்" என்றார்கள்.

அந்தக் கோடைக் கடைசியில் அவருக்குப் பேரன் பிறந்தான். அண்ணனுக்கும்தான் பேரன். தொட்டிலில் இடும் விருந்துக்கு இருந்த ஆட்டில் ஒன்றை அறுத்து, தலைமை விருந்தாளிக்கு உரிய தலையை எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தார் தோக்தோசுன். வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "சம்பந்தி, நீங்க ஒழுங்கா எழுதியிருந்தீங்க. நான்தான் படிக்காம விட்டேன். உங்க பேருக்கும் இழுக்கு வந்திருச்சு. மன்னிச்சிருங்க."

அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அவர் ஆட்டுக் காதை அறுத்து மென்றுகொண்டே எழுந்தார். வாசிப்பு எப்படிப்பட்ட செல்வம், முன்னோர் எழுத்துக்கு எப்படி மரியாதை தந்தார்கள், இன்றைய மேய்ப்பன் எப்படி இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். கை தட்டினார்கள். தோக்தோசுன் தலை குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் எங்களுக்குப் புதுத் தலைவர் வந்தார். புரியவில்லை என்று மேலிடத்திலிருந்து திரும்பி வந்த காகிதங்களின் கட்டைப் பார்த்து அரண்டு போனவர், எல்லாரும் அலுவலக எழுத்துப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். சனிக்கிழமை காலை, நூலகத்தில். சொல்லிக்கொடுக்கத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மேரிம் என்ற பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் ஊர்க் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

அண்ணன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார், மாணவனாக இல்லை, தலைமை விருந்தாளியாக. "எனக்கு எழுதச் சொல்லித்தர ஆள் வந்திருக்கு, பாத்தியா?" என்று என் காதில் கிசுகிசுத்தார். மேரிம் பலகையில் இரண்டே கேள்விகளை எழுதிப்போட்டாள். இதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும்? அது அவருக்கு எத்தனையாவது வரியில் தெரிகிறது?

மூன்றாவது சனிக்கிழமை அவள் ஒரு பழைய அறிவிப்பைக் கொண்டுவந்தாள். மாகாண அலுவலகத்துக் குப்பையிலிருந்து எடுத்ததாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், கையெழுத்து எல்லாவற்றையும் மை பூசி மறைத்திருந்தாள். உரக்கப் படிக்க ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். நல்ல குரல் அவருக்குத்தானே.

மலைகளின் மைந்தர்களே என்று ஆரம்பித்தது அது. பனி உருகும் அழகு, முன்னோர் மேய்த்த மந்தைகள், மேய்ப்பனின் தியாகம். அண்ணன் சிரித்தார். "யாரோ என்னைப் பாத்து எழுதிப் பழகியிருக்கான், பாவம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். தொடர்ந்து படித்தார். உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் குதிரை ஏறட்டும். அங்கே பக்கம் முடிந்தது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் தாமாகவே எழுந்து முகத்தைத் தடவி இறங்கின. "ஓமின்" என்றார். பின்வரிசையில் இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள். வாழ்த்துச் சொல்லி முகம் தடவினால் பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம். பால் குடிக்கும் வயதிலிருந்து எங்களுக்கு அதுதான் பழக்கம்.

காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "மொழி பரவாயில்ல. ஆனா விஷயம் எங்க? இதை வாங்கினவன் என்ன செய்யணும்? ஒண்ணுமே இல்லையே! இப்படி எழுதுறவனை முதல்ல ஆடு மேய்க்க அனுப்பணும்."

"அண்ணே, பின்பக்கம் இருக்கு" என்றாள் மேரிம்.

அவர் திருப்பினார். ஓடையின் பெயரை அவள் மறைக்க மறந்திருந்தாள். குர்-சாய் என்ற எழுத்தை நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். அடைப்பான், புதைகுழி, அந்தப் பக்கம் எக்காரணத்தைக் கொண்டும் மந்தையை ஓட்டக் கூடாது. மூன்று வரி. அண்ணன் அதை உரக்கப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தான் சொல்லி அடிக்கவைத்த அந்தக் காகிதத்தை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறார்.

"வாழ்த்து வந்ததும் படிக்கிறவர் மடிச்சு வெச்சிடுவார். நீங்களே வெச்சிட்டீங்க பாருங்க. இதுல தப்பு படிச்சவர் மேலயா?" என்று கேட்டாள் மேரிம். கேள்வி பாடத்துக்காகக் கேட்டது. அண்ணனின் கழுத்து பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆட்டுக் காதை மென்ற அந்த வாய்தான் கண்முன் நின்றது. இரண்டு வாரம் அவர் யாரிடமும் பேசவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பேசக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். என் அறைக்கு வந்து, மருந்துப் பெட்டிகள் நடுவில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு நாள் கேட்டார்: "தோக்தோசுனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உங்க முன்னால ஆட்டுத் தலையைக் கொண்டாந்து வெச்சிருப்பாரா?"

"வெக்கமா இருக்கு அனார்குல். சோறு இறங்கல."

"இங்க உக்காந்து வெக்கப்பட்டா அவருக்கு ஆடு கிடைச்சிருமா? பங்குனி கடைசியில ஊர்க்கூட்டம். இந்த வருஷம் அவர்கிட்ட மந்தையைக் குடுக்க மாட்டாங்க. குடுக்கலன்னா மனுஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போறாராம். அம்பத்தி நாலு வயசுல."

அண்ணன் கூட்டத்துக்குப் போனார். நானும் போனேன். சாரி-புலாக் மன்றத்தில் ஊரே கூடியிருந்தது. அடுத்த ஊர் இளைஞன் ஒருவனை மேய்ப்பனாக வைப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. தோக்தோசுன் கதவோரம் நின்றார். அண்ணன் எழுந்ததும் கூட்டம் அடங்கியது.

எழுந்த காரியத்துக்கு அவர் நேரே வந்திருக்கலாம். வரவில்லை. வர முடியவில்லை. ஊரை வாழ்த்தினார், பெரியவர்களின் பெயர்களைச் சொன்னார், ஒரு மனிதனின் பெயர் எப்படி அவன் எலும்பைவிட நீண்ட நாள் இருக்கும் என்று சொன்னார். பிறகு குரல் உடைந்து, "குற்றவாளி உங்க முன்னால நிக்கிறேன். செத்த ஆடுகளோட ரத்தம் என் தலைமேல. என் சம்பந்தியோட பாரத்தை என் முதுகுல ஏத்துங்க!" என்றார். நிஜமாகவே அழுதார். கிழவிகள் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள்.

ஊர்ப் பெரியவர் ஜுமாபாய் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களாப்பா! சம்பந்தின்னா இவர்தான் சம்பந்தி! இன்னொருத்தன் பண்ணின தப்பை எவன் இப்படித் தன் தலையில போட்டுக்குவான்? என்ன மனசுய்யா!" கை தட்டல் அடங்க நேரமாயிற்று. ஜுமாபாய் வாழ்த்துச் சொன்னார், எல்லாரும் முகம் தடவினார்கள், எழுந்துவிட்டார்கள். மேய்ப்பன் விஷயம் பெருநாள் முடிந்ததும் பார்க்கலாம் என்று ஆயிற்று.

"இல்லப்பா, நிஜமாவே நான்தான்..." என்று அண்ணன் ஒவ்வொருவர் கையாகப் பிடித்தார். "தெரியும் அண்ணே, தெரியும், உங்க மனசு தெரியாதா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

தோக்தோசுன் வெளியே குதிரையின் பக்கத்தில் காத்திருந்தார். முகம் கறுத்திருந்தது. "சம்பந்தி, எனக்காகப் பொய் சொல்லாதீங்க. இருக்கிற அசிங்கம் போதும். இப்ப உங்க பிச்சையில நிக்கிறேன்னு வேற ஆயிருச்சு."

திரும்பும் வழியெல்லாம் அண்ணன் வண்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வருஷமாக ஊரைக் கட்டிப்போட்ட நாக்கு, ஒரு உண்மையைச் சொல்லப் போய் அதைப் பொய்யாக்கிக் கொடுத்துவிட்டது. எனக்கு அப்போதுதான் அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

மறுநாள் காலை என் அறைக்கு வந்து, "பேனா இருக்கா? எழுதி அவங்க மன்றச் சுவத்துல ஒட்டப்போறேன்" என்றார்.

முதல் காகிதம் "சாரி-புலாக்கின் மதிப்புக்குரிய பெரியோர்களே" என்று ஆரம்பித்தது. நான் வாங்கிக் கிழித்தேன். "என்னம்மா நீ!" என்றார். அடுத்ததில் வணக்கம் இல்லை. "கடந்த ஆண்டு நிலவிய கடினமான சூழ்நிலையில் அறிவிப்பு முறையில் சில குறைபாடுகள் ஏற்பட்டன" என்று இருந்தது.

"குறைபாடு தானா நடந்து வந்து ஏற்பட்டுச்சா? யாரு பண்ணினது?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். சுவத்துல படிக்கிறவனுக்குத் தெரியணும்ல?"

அவர் ரொம்ப நேரம் எழுதவில்லை. சுவரைப் பார்த்தார், மருந்துப் பெட்டியைப் பார்த்தார், வெளியே யாரோ மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். "'நான்'னு எழுதவே கை வரல அனார்குல்" என்றார். வெட்கப்பட்ட குழந்தை மாதிரி சொன்னார். முந்தின நாள் ஊர் முன்னால் வாயால் "நான் குற்றவாளி" என்று முழங்கியவர்தான். காகிதத்தில் அது வேறாக இருந்தது போல. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மதியத்துக்குள் எழுதி முடித்தார். அவர் கையெழுத்து அவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதுதான் எழுதியிருந்தது:

"போன வருஷம் உங்கள் ஆடுகள் செத்தது என் தவறு. தோக்தோசுன்மேல் தவறு இல்லை. குர்-சாய்க்குப் போகக் கூடாது என்பதை நான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டு, அதற்குப் பின்னால், காகிதத்தின் மறுபக்கத்தில் எழுதினேன். அனுப்பும் முன் நான் அதைப் படிக்கவில்லை. தொட்டில் விருந்தில் தோக்தோசுன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் நான் பேசியது பெருந்தன்மை இல்லை, உண்மை. அந்த அறிவிப்பைப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன், நீங்களே திருப்பிப் பாருங்கள். ஷார்ஷென்."

எழுதியதை அவர் மறுபடி படித்தார். பிறகு இன்னொரு தடவை. படித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. புதுத் தலைவரிடம் முத்திரை கேட்கப் போனபோது அவர் பயந்துவிட்டார். "இது அலுவலகத் தவறுன்னு ஆயிரும். ஒட்டினீங்கன்னா துணைத் தலைவர் நாற்காலியில நீங்க இருக்க முடியாது" என்றார். அண்ணன் முத்திரை இல்லாமலே சாரி-புலாக் மன்றச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தார். நாற்காலியும் போயிற்று. இப்போது கள ஆய்வாளர்.

ஒட்டிய மறுநாள் ஊரே அந்தச் சுவர் முன்னால் நின்றதாம். முதலில் கிசுகிசு, பிறகு அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தல், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போதல். அன்று மாலைக்குள் நாலு வீட்டுக்காரர்கள் தோக்தோசுனிடம் போய் ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஜுமாபாய் மட்டும் வெட்கத்தில் பேரனை அனுப்பினாராம்.

தோக்தோசுன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குதிரையைக் கட்டிவிட்டு முற்றத்திலேயே நின்றார். அண்ணன் ஓடாத குறையாக இறங்கிப் போனார். நான் படியிலேயே நின்றுகொண்டேன்.

"படிச்சேன்" என்றார் தோக்தோசுன்.

அண்ணன் கையை நீட்டினார். அவர் அதைப் பிடிக்கவில்லை.

"அந்த ஆய்வாளர் திருப்பிக் காட்டினப்போ, முதல்ல எனக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சேன் சம்பந்தி. நரின் ஆஸ்பத்திரியில போய்க் காட்டினேன், கண்ணு நல்லாருக்குன்னாங்க. அப்ப மூளைதான்னு முடிவு பண்ணினேன். இந்தக் குளிர்காலம் பூரா பள்ளிக்கூடப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கேன், தெரியுமா உங்களுக்கு? தேயிலைப் பொட்டலத்தைக்கூடப் படிச்சிட்டுத்தான் பிரிப்பேன். என் மருமக, உங்க பொண்ணு, பாத்துட்டுச் சிரிக்கக் கூடாதேன்னு உதட்டைக் கடிச்சுக்குவா. நான் முட்டாள்னு நானே நம்பிட்டேன். நீங்க அன்னைக்குப் பேசினீங்களே, வாசிப்புங்கிற செல்வம்னு, அதைக் கேட்டுக்கிட்டே தேநீர் ஊத்தினேன்."

அண்ணன் நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

"இந்தக் காகிதம் நல்லாருக்கு. ஒரு தடவை படிச்சதும் புரிஞ்சிருச்சு. புரிஞ்சதாலதான் கோபம் வருது. இத்தனை நாள் யார்மேல கோபப்படணும்னே எனக்குத் தெரியல." குதிரையை அவிழ்த்தார். "நான் சொல்றவரைக்கும் எங்க வீட்டுக்கு வராதீங்க."

எனக்கு அண்ணனை முப்பது வருஷமாகத் தெரியும். அவர் தொண்டையில் ஒரு பேச்சு எழுவதை நான் கண்ணால் பார்த்தேன், உறவு, ரத்தம், பேரன் எல்லாம் அதில் இருந்திருக்கும். அதை அவர் விழுங்கினார்.

"சரி" என்றார்.

தோக்தோசுன் ஊர் மந்தையோடு மலைக்குப் போனார். கோடை நடுவில் பேரன் நடக்க ஆரம்பித்தான். நடக்கத் தொடங்கும் குழந்தையின் காலில் கயிற்றைக் கட்டி அறுத்துவிடும் விழாவை மேலேயே, கூடாரத்தின் முன்னால், வைத்துக்கொண்டார்கள். தடுப்பூசிக்குப் போயிருந்த என்னையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

திரும்பி வந்தபோது அவர் என் அறை வாசலிலேயே காத்திருந்தார். கையில் எதுவோ ஒரு அறிக்கை, பாதி அடித்துத் திருத்தியது.

"விழாவுல யாரு பேசினாங்க?"

"யாரும் பேசல அண்ணே. கயிறை அறுத்தாங்க. குழந்தை நடந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே நின்றார்.